தளத்துக்குத் தண்ணீர்

பேச்சித்தாயும் அவள் ஓரகத்தி செல்வராணியும் ஒரே நாளில் அடுத்தடுத்த மனைகளை வாங்கினார்கள். ராணி வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. பேச்சித்தாய் மனைக்கு முன்னால் பாதை இரண்டடி குறைகிறதென்று மூன்று வருடமாக அப்ரூவல் கிடைக்கவில்லை.

“கல்யாணத்துக்குப் போறோம்க்கா. புதுத் தளம், காஞ்சா வெடிச்சிரும். ரெண்டு நாள் தளத்துக்குத் தண்ணி விட்டுருவியளா?” என்று கேட்டாள் ராணி.

“அதுக்கென்ன, போயிட்டு வாங்க” என்ற பேச்சித்தாய் முதல் நாள் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் மேலே ஏறினாள். ஒரு பொட்டு ஈரமில்லாமல் தளம் பாதத்தைச் சுட்டது. அங்கிருந்து பார்க்கையில் அவள் மனையில் கருவேலம் ஆளுயரம் நின்றது. காலடியில் முடிக் கனத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

போன் அடித்தது. “தண்ணி நிக்குதாக்கா?”

“நிக்குது ராணி” என்றாள். சொல்லும்போதே அவள் கால் பெருவிரல் நகர்ந்து அந்த வெடிப்பை மூடப் பார்த்தது.