பிளேட்டுத்தின்னி

"இன்னும் ரெண்டு இழு."

இழுத்தாள்.

செயின் பிளாக் கடகடத்தது. போர்டிகோ உத்தரத்தில் மாட்டிய சங்கிலியில் மோரிஸ் மைனரின் எஞ்சின் மேலே எழும்பி, மெல்ல ஆடியது. அவர் இரண்டு கையாலும் அணைத்து நிறுத்தினார்.

கிளட்சைத் தொட வேண்டுமென்றால் இந்த வண்டியில் எஞ்சினையே தூக்கியாக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடமாட்டார். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வெளியாள் கைவைத்தால் கார் கோபித்துக்கொள்ளும் என்று நினைப்பு. அதனால் சங்கிலி இழுக்க எப்போதும் மனைவி வசந்தாமணிதான்.

எஞ்சினைப் பலகைமேல் இறக்கினார்கள். அவள் கை கழுவப் போனாள்.

அவர் கிளட்ச் மூடியின் ஆறு போல்ட்டையும் கழற்றினார். பிளேட் கையோடு வந்தது. அப்பளமாகத் தேய்ந்திருந்தது.

"பிளேட்டுத்தின்னி" என்று வாய் தானாக முணுமுணுத்தது.

அவர் அவளுக்கு வைத்த பெயர் அது. ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருக்கிறாள், பிளேட் தேய்கிறது என்று. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். செருப்புப் போட்டு மிதித்தால் வண்டி சொல்வது தெரியாதாம்.

மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் பார்த்திருக்கக் கத்தினார்.

"காலை எடு! முழுசாத் தின்னுபோட்டுத்தான் உடுவியா?"

அன்று இறங்கியவள்தான். சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். அதன் பிறகு அவளுக்கு இடது பக்கத்து சீட்.

அவள் ஓட்டுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். அதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

கிளட்ச் மூடியைத் துணியால் துடைத்தார். கருப்புக்கு அடியில் மஞ்சள் பெயின்ட். எந்தப் பாகத்தை மாற்றினாலும் தேதி எழுதுவது மில் பழக்கம். எழுத்து அவருடையதுதான்.

12-3-2017.

கல்யாணம் அதற்கு முந்தின ஆவணியில்.

விரல்விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

இந்தப் பிளேட்டுக்கு அவள் காலே தெரியாது.

வசந்தாமணி காபியோடு வந்து நின்றாள். அவர் கையிலிருந்த பிளேட்டைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எட்டு வருசமாப் பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கறேன்" என்றாள். "காபி ஆறுதுங்க."

சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். ஜெயித்தும் இருப்பார். அதுதான் இப்போது அவருக்குத் தாங்கவில்லை.

காபி ஆறிப்போனது.

புதுப் பிளேட் போட்டு, தேதி எழுதி, எஞ்சினைத் திரும்ப உள்ளே இறக்க இரண்டு நாள் பிடித்தது. சங்கிலி அவள் கையில். அரை விரற்கடை என்றால் அரை விரற்கடைதான் இறங்கும். அவளிடம் அந்தக் கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை.

மூன்றாம் நாள் காலை, பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

அங்கே அவர் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டியரிங் பக்கத்து சீட் அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது.

சாவியை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிளேட்டுத்தின்னி இனி இந்தப் பக்கந்தான், அம்மிணி."

அவள் அசையாமல் நின்றாள். நீட்டிய கை அப்படியே இருந்தது.

கார் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியபோது, போர்டிகோவில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.