எட்டு வீட்டு வண்டி

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான் முதலில் இறங்கினேன். என் பக்கத்துக் கதவைச் சாத்தி, அதை மறைத்தபடி நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

கதவில் ஒரு ஸ்டிக்கர். பச்சை நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலம். ‘இது எட்டு வீட்டு வண்டி.’

அதை மாப்பிள்ளைப் பையனின் அப்பா பார்த்துவிடக் கூடாது.

ரயிலடியில் அவரை எதிர்ப்பக்கமாகவே அழைத்து வந்து உட்கார வைத்துத் தப்பித்தேன். சொந்த வண்டி வைத்திருக்கும் குடும்பம் என்று தரகர் சொன்ன பிறகுதான் அவர் எங்கள் வீட்டைப் பார்க்கவே புறப்பட்டு வந்திருக்கிறார். என் மகளுக்கு வயது முப்பத்திரண்டு. வந்த வரனையெல்லாம் உதட்டைச் சுழித்தே திருப்பி அனுப்பியவள், இந்தப் பையனுக்கு மட்டும் சரி என்று வாய் திறந்து சொன்னாள்.

அது ஒரு ஸ்டிக்கரால் கெடக் கூடாது.

எல்லாம் என் மருமகள் கொண்டுவந்த வினை. போன வருடம் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் தெருவுக்கு வந்து, திரை கட்டிப் படம் காட்டினார்கள். பெரிய நகரத்துக்குள் போய்வர மெட்ரோ ரயில் இருக்கிறதாம். நம்முடையதைப் போன்ற சின்ன ஊருக்கு எட்டு வீட்டுக்கு ஒரு மின்சார வண்டிதான் வழியாம். புகை மிச்சம், இடம் மிச்சம். வீட்டு வண்டி ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் சும்மா நிற்கிறதாம். அது பெரிய நஷ்டமாம்.

என் அப்பாவின் வண்டி சும்மா நின்றே எங்களுக்கு இந்தத் தெருவில் மரியாதை வாங்கித் தந்தது. கழுத்துப்பட்டிகளுக்கு அது எங்கே புரியும்?

கிணறு பொதுவாக இருக்கலாம். மயானம் பொதுவாக இருக்கலாம். செருப்பைப் பொதுவில் வைத்துக்கொள்வானா ஒருவன்?

மருமகள் கையெழுத்துப் போட்டாள். மகன் எங்கள் வண்டியை விற்றுவிட்டு என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தான். அதைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம். என் குடும்பத்தில் அதுவரை யாரும் ஒரு கதவுக்கு அடையாளம் காட்டியதில்லை.

காலையில் வண்டி பாட்டு வாத்தியாருடையது; இருக்கை முழுக்க அவருடைய நாயின் ரோமம். மத்தியானம் கம்பவுண்டர்; மருந்து வாடை. நான்கிலிருந்து ஆறு வரை நான். ஆறு மணிக்குத் தையல்காரர். என் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவருக்காக நான் இருக்கையைச் சூடாக்கி வைக்க வேண்டும்.

பையனின் அப்பாவோ வழி நெடுகத் தன் வண்டியின் பெருமையைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

“நம்ம வண்டிய இன்னொருத்தன் தொட்டாலே எனக்கு உடம்பு கூசும், ஐயா.”

“சொல்லணுமா? எச்சில் தட்டுல சாப்பிடறதுக்கும் ஊர்ல ஆள் இருக்கே!” என்றேன்.

இருவருக்கும் மனம் நிறைந்துபோயிருந்தது.

இப்போது அவர் தன் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் தையல்காரர், பள்ளிச் சீருடை மூட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி, வந்து நின்றுவிட்டார். ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டாத மனிதர்.

“ஐயா, மணி ஆகுது!”

“நம்ம தையல்காரர். அளவெடுக்க வந்திருக்கார்,” என்றேன், திரும்பாமலே.

பையனின் அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ‘மணி ஆகுது’ என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆள் மாறிப்போனார். அரக்கப் பரக்க இருக்கையைத் தட்டிவிட்டார். காலடியில் கிடந்த காகிதத் துணுக்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தினார். போனை எடுத்து வண்டியின் முன்மூலையில் குனிந்தார்.

ஒரு படம்.

பின்மூலைக்கு ஓடினார். இன்னொரு படம். வண்டியைச் சுற்றி என் பக்கத்துப் பின்மூலைக்கு வந்தார். மூன்றாவது.

கூட்டு வண்டியைக் கைமாற்றும்போது நான்கு மூலைகளையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பின்னால் வருகிறவன் இடித்துவிட்டால் பழி நம் தலையில் விழாமல் இருப்பதற்காக. முறை முடிகிறது என்றால் கை தானாகவே போனுக்குப் போகும். சொந்த வண்டிக்காரன் எவனுக்கும் அந்தப் பழக்கம் வர நியாயமில்லை.

அவர் நிமிர்ந்தார். எதிரே நான். போன் அந்தரத்தில் நின்றது. காதோரம் வரை முகம் வெளுத்தது.

பொய்யன். ரயிலடியிலிருந்து வாசல் வரை என் காதில் பூச்சுற்றிய பொய்யன். எத்தனை வீட்டு வண்டியோ, யாருடைய நாய் ரோமத்தின் மேல் உட்கார்ந்து வருகிறாரோ! ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ரயிலுக்கே திருப்பி அனுப்பிவிடலாம். என் அப்பா இருந்திருந்தால் இந்த ஆளை வாசற்படி மிதிக்க விட்டிருக்க மாட்டார்.

மாடி ஜன்னலில் திரைச்சீலை லேசாக விலகியது. என் மகள் எட்டிப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“நாலாவதையும் எடுத்துடுங்க, சம்பந்தி. அடுத்த ஆள் காத்துட்டிருக்கார்.”