ஒன்றுக்குப் பின்னால் பத்து

ஆவூர்ப் பங்கு வீட்டில் மாலை நான்கு மணி. ஜன்னல் கம்பிகளின் நிழல் சிமெண்டுத் தரையில் நீண்டு கிடக்கிறது. பின்லாந்துக்காரர் ஒருவரின் சிம்பொனி, இன்று தபாலில் வந்த ஒற்றை எல்.பி. தட்டில் முடிந்து, ஊசி மட்டும் கரகரக்கிறது. "சொல்லுங்க வாத்தியாரே, நம்ம பழைய தட்டு தேவலையா, இது தேவலையா?" என்கிறார் ராயப்பர் சாமியார். மரியசூசை வாத்தியார் மூக்குப்பொடி விரலைத் துண்டில் துடைக்கிறார். "சத்தம் சுத்தமாத்தான் இருக்கு சாமி. ஆனா இவன் முன்னுக்குப் பின்னா வாசிக்கிறான். நம்மளதுல புல்லாங்குழல் நின்ன ஒடனே முரசு இடி மாதிரி எறங்கும். இவன் அதைக் கொண்டுபோயிக் கடைசியில வச்சிருக்கான். கடைசி மெதுவால்ல அடங்கணும்? எட்டு வருசமாக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

சாமியார், அதே சிம்பொனி துண்டு துண்டாகப் பதிந்த பழைய பெட்டியின் ஐந்து தட்டுகளில் முதலாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். நடுவில் ஒட்டிய தாளில், பொடி எழுத்தில், ஒன்று என்றிருக்கிறது. திருப்பினால் பத்து. ஐந்து தட்டின் முன்பக்கமும் முடிந்த பிறகே, கடைசித் தட்டிலிருந்து திரும்பி, பின்பக்கங்களுக்கு வர வேண்டும். இவர்கள் எட்டு வருடமாக ஒவ்வொன்றையும் போட்ட கையோடு திருப்பிப் போட்டே கேட்டிருக்கிறார்கள். சாமியார் முதல் பக்கத்தை ஓடவிடுகிறார். வாத்தியார் கண்ணை மூடிக்கொள்கிறார். நாலு நிமிடத்தில் புல்லாங்குழல் நிற்கிறது. சாமியாரின் கை இரண்டாவது தட்டின் மேல் சற்று நேரம் இருக்கிறது. பிறகு முதல் தட்டையே திருப்பிப் போடுகிறது. முரசு இறங்குகிறது. "பாத்தீங்களா?" என்கிறார் வாத்தியார், கண்ணைத் திறக்காமல்.