ராணி சொன்னால் சரி

அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் மனைவியை அழைத்துப் போகத் தினமும் மாலை வருபவர், அங்கே டிஜிட்டல் கூடத்தில் இருக்கும் ராணி ஓவியத்தோடு பேசிவிட்டுத்தான் கிளம்புவார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் ஓவியம் அது.

"என்னமா பேசுறா தெரியுமா! பல் வலின்னு சொன்னேன், உடனே டாக்டரைப் பாருங்கன்னா. நாளைக்கே போறேன்."

"இதையேதான் நான் ஆறு மாசமா கத்திக்கிட்டிருக்கேன்."

"நீ சொன்னா நச்சரிப்பு. அவ லட்சம் புத்தகம் படிச்ச மெஷின்டி!"

மறுநாள் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த நாள், வருஷக்கணக்கில் ஒழுகிய குளியலறைக் குழாயை மாற்றினார். வியாழக்கிழமை, கேட்டவர்கள் நம்ப மாட்டார்கள், மாமியாருக்குத் தானே போன் போட்டு நலம் விசாரித்தார். எல்லாம் ராணியின் யோசனை.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் மனைவியிடம் ஓடி வந்தார்.

"மேடம், ராணி கம்ப்யூட்டர் ரிப்பேர் முடிஞ்சுது. இனிமே நீங்க பின்னாடி உட்கார்ந்து, குரல் மாத்துற மைக்ல பதில் சொல்ல வேண்டாம்."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க தம்பி," என்றாள் அவள் கெஞ்சலாக. "வீட்ல பரண் இன்னும் சுத்தம் பண்ணல."