குழலுக்குள் குளவி

பானைக்குப் பின்னால் எறும்புப் புற்று இருக்கிறதா என்று அப்பா மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைத்துப்பாக்கி என்னிடம் இருந்தது.

புற்று இல்லை. அடுத்து, குறிக்கு வைத்த பானையையே தூக்கி, உள்ளே பல்லி ஏதும் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். நாங்கள் ஜைனர்கள். தண்ணீரைக்கூட வடிகட்டித்தான் குடிப்போம். சுட்டாலும் இப்படித்தான் சுடுவோம்.

கிடங்கல் ஏரி காய்ந்து கிடந்தது. கரை மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்த வண்டிக்காரர் சக்கரபாணிக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா நயினாரே, பானை செத்துப்பூட்டா பாவம் இல்லியா?"

அப்பா சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "மாட்ட ஓட்டிக்கினு போய்ச் சேருங்க" என்று கத்தினேன். வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் விழுப்புரத்தில், பெண்கள் பள்ளியில், நான் வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்கு. எங்கள் வம்சத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். பையன் படித்திருந்தால் மேளம் வைத்து ரயிலேற்றியிருப்பார்கள். எனக்கோ உறவு முழுக்கக் கூடி உட்கார்ந்து கேட்டது: வயசுப் பெண், வெளியூரில், தனியாகவா?

அந்தக் கூட்டத்தில்தான் அப்பா சொன்னார். "துப்பாக்கி வாங்கித் தர்றேன். என் கண்ணெதிர்ல ஒரு தபா சுட்டுக் காட்டட்டும். அப்புறம் போவட்டும்."

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று தெரிந்ததும், விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டினார். அவரிடம் வாங்கியது. கடலூருக்கு அலைந்து லைசென்ஸும் வாங்கினார் அப்பா.

பெல்ஜியத்தில் செய்தது. என்னைவிட மூத்தது. முதல் தோட்டாவுக்கு மட்டும் மேல்மூடியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மூடி அப்பாவுக்கே அசையவில்லை. மகளுக்கும் அசையாது என்று நினைத்திருப்பார்.

இழுத்தால் வராத ஜென்மம், என்னை மாதிரி. மூடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் பிடியை முன்னால் தள்ளிப் பார்த்தேன். சரக்கென்று வந்தது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

கழற்றித் துடைக்க முனை வளையத்தைத் திருகிய அன்று ஸ்பிரிங் துள்ளிப் போய் அம்மாவின் கேப்பை மாவுக்குள் விழுந்தது. அம்மா மாவைச் சலித்து எடுத்துக் கொடுத்தாள். நல்லெண்ணெய் போட்டேன், பிசுபிசுத்துப்போய் முரண்டு பிடித்தது. தையல் மிஷின் எண்ணெய்க்குச் சமாதானமானது. கவனிக்காமல் பிடித்தால் கட்டைவிரல் இடுக்கில் கடிக்கும். கடிபட்ட இடத்தை வாயில் வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியைத் திட்டுவது போல அதைத் திட்டுவேன்.

நோன்பு வந்தது. நோன்பு முடியும்வரை ஆயுதம் கையில் கூடாது என்றாள் அம்மா. அப்பா அதை வாங்கிப் பரணில் வைத்தார். இன்று காலை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ம், சுடும்மா" என்றார் இப்போது, நன்றாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டு.

தோட்டா போடுவதற்கு முன்னால் குழலைப் பார்க்க வேண்டும் என்று ரயில்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன்.

முனையை மண் அடைத்திருந்தது.

"கொளவிக் கூடு" என்றார் அப்பா, நின்ற இடத்திலிருந்தே.

வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தேன்.

"உள்ள உசுரு இருக்கும்மா."

"நாளைக்கு நான் சேரணும்பா."

"அது பொறிச்சி வெளிய வர்ற வரைக்கும் இரேன். வேல எங்க ஓடிப்பூடும்?"

ஓடித்தான் போகும். அவருக்கும் தெரியும். ஊர் வாயைத் தாண்டி, உறவைத் தாண்டி, இந்த மூடியையும் தாண்டி வந்தவளை ஒரு குளவி நிறுத்துவதா?

குச்சியை முனைக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றேன்.

குளவி சின்னச் சின்ன உருண்டையாக மண் சுமந்து வந்து வைக்கும். கூட்டில் வரி வரியாகத் தெரியும். இதில் வரியே இல்லை. ஒரே அமுக்கில் அப்பிய மண். ஈரம்கூடக் காயவில்லை.

மேலே ஒரு கட்டைவிரல் ரேகை.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லாட்டைக் கடலை வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாத மனுஷர். பிறந்ததிலிருந்து சொன்ன முதல் பொய் இதுவாகத்தான் இருக்கும். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

ஒரு குத்துக் குத்தினால் மண் உதிரும். சுட்டுவிடலாம். நாளைக்கு வேலையிலும் சேர்ந்துவிடலாம். அப்புறம் அவர் என் முகத்தை எப்படிப் பார்ப்பார்?

குச்சியைக் கீழே போட்டேன்.

"உசுரு இருக்கட்டும்பா. இத்த இப்பிடியே விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு போறேன். பத்திரமா பாத்துக்கறேன். பொறிச்சி வெளிய வந்ததும் உங்க எதிர்ல வந்து சுடறேன்."

அப்பா பானையை எடுத்து ஓரமாக வைத்தார்.

பிறகு என் பக்கம் வந்து துப்பாக்கியை வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, குழந்தையைச் சுற்றுவது போல அதைச் சுற்றினார், முனையை மட்டும் மூடாமல்.

"காத்து போவணும்" என்றார், என்னைப் பார்க்காமல். "அங்க போயி வெயில்ல வெச்சிடாத."