மூன்று போன்களை ஆளாக்கிய சார்ஜர்

பர்வீன் உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் போர்டு வாங்கினாள். மெமரி கார்டில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி அதில் செருகினாள். கரண்ட் கொடுக்கும் வேலை அவளுடைய பழைய போன் சார்ஜருக்கு வந்தது. மூன்று போன்களை ஆளாக்கிவிட்ட பெருமிதத்தோடு அது வேலையில் இறங்கியது.

லினக்ஸ் பாதி எழுந்திருக்கும்போதே போர்டு மயங்கி விழுந்தது.

"கண்ணைக் கட்டுதுண்ணே. கரண்ட் பத்தலையோ?" என்றது போர்டு.

சார்ஜருக்குச் சுருக்கென்றது. "மூணு போனுக்குப் பத்தினது உனக்குப் பத்தாதா? கார்டுல இருக்கிற லினக்ஸ் சரியில்ல தம்பி."

பர்வீனும் அப்படித்தான் நினைத்தாள். கார்டை அழித்துவிட்டு வேறு லினக்ஸ் ஏற்றினாள். போர்டு மறுபடி விழுந்தது. இன்னொன்றை ஏற்றினாள், அதற்கும் அதே கதிதான். அழிந்துபோன ஒவ்வொரு லினக்ஸுக்காகவும் சார்ஜர் மனதார வருத்தப்பட்டது.

நான்காவது லினக்ஸ் விழுவதற்கு முன்னால் திரையில் ஒரு வரி எழுதிவிட்டது: "மின்சாரம் போதவில்லை." பர்வீன் அதைப் படித்ததும் பழைய சார்ஜரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டுவிட்டு, கனமான புது சார்ஜர் ஒன்றை மாட்டினாள். போர்டு கண் விழித்தது. லினக்ஸ் முழுசாக எழுந்து நின்றது.

மேஜைமேல் கிடந்த பழைய சார்ஜருக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல தம்பி? நல்ல லினக்ஸா ஒண்ணு வந்ததும் எல்லாம் சரியாப்போச்சு பாரு!" என்றது.