பாரம் இறங்கிய நாள்

"மாடியில மூட்டையக் கொறைங்க சார். கீழ முப்பது பொம்பளைங்க உக்காந்துகினு வேலை செய்றோம்."

மூன்று மாதமாக சாராள் இதையே மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காக்களூரில் அவள் வேலை செய்த கம்பெனியின் மாடியில் பிளாஸ்டிக் குருணை மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. கீழே, பேக்கிங் ஹாலின் உத்தரத்தில் விரிசல் நாளுக்கு நாள் நீண்டது.

"வேலையப் பாரும்மா" என்பதே பதில்.

அன்று காலை சலித்துப்போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் லாரி வந்து பாதி மூட்டைகளை ஏற்றிப் போனது.

"இப்ப திருப்தியா?" என்றார் மேனேஜர்.

சாராள் எழுந்து உள்ளே வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கணவன் எட்வர்ட் போன் செய்தான்.

"நம்ம ஊட்டு மாடி சும்மாதானே கெடந்துச்சு? புரோக்கர் கேட்டாரு, குடோனுக்கு உட்டுட்டேன். சரக்கும் வந்துடுச்சு."

"இன்னா சரக்கு?"

"ஏதோ பிளாஸ்டிக் குருணையாம். நானூறு மூட்டை. அவ்ளோ சத்தத்துலயும் ஷைனி கீழ நல்லா தூங்கினு கீறா."

சாராள் போனைக் காதில் வைத்தபடியே ரோட்டுக்கு ஓடினாள்.

"மொதல்ல புள்ளையத் தூக்கினு வெளிய வா."